பத்து மடங்கு விலைக்குப் பத்து மடங்கு சுத்தமா?

சென்னையிலோ மதுரையிலோ பெரிய மின்சாதனக் கடை ஒன்றில், வேக்குவம் கிளீனர்கள் அடுக்கியிருக்கும் பக்கம் போனால் முதலில் கண்ணில் படுவது விலைதான். 4,000 ரூபாய்க்குத் தரையில் உருளும் டப்பா போன்ற இயந்திரம் ஒன்று இருக்கும். அதற்கு இரண்டடி தள்ளி, 40,000 ரூபாயையும் தாண்டிய கம்பியில்லா இயந்திரம் சுவரில் தொங்கும். இரண்டும் தூசியை உறிஞ்சத்தான் செய்கின்றன. இரண்டின் பெட்டியிலும் ஏறக்குறைய ஒரே வாக்குறுதிகள். வித்தியாசம் என்ன என்று கேட்டால் “அது பிராண்டு சார்” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அந்தக் கூடுதல் விலையில் ஒரு பங்கு நல்ல பொறியியலுக்குப் போகிறது, ஒரு பங்கு விளம்பரத்துக்கு, இன்னொரு பங்கு நம் வீட்டுத் தரைக்குத் தேவையே இல்லாத வசதிக்கு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் ‘மலிவு’ என்றோ ‘உயர்தரம்’ என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்த இயந்திரம் எதற்காகப் பிறந்தது என்பதைப் பார்த்தால் பாதிக் குழப்பம் விலகும். 1901இல் லண்டனைச் சேர்ந்த பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத், குதிரை வண்டியில் ஏற்றிய பெரிய உறிஞ்சும் எந்திரம் ஒன்றை உருவாக்கினார். வண்டி தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். 1902இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அது சுத்தம் செய்தது. ஆறு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கான்டன் நகரக் கடை ஒன்றில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் கையால் தள்ளக்கூடிய மின் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு ஆஸ்துமா இருந்தது. பெருக்கும்போது கிளம்பும் தூசி அவர் மூச்சை அடைத்தது. மின்விசிறி மோட்டார், தலையணை உறை, துடைப்பக் கழி என்று கைக்குக் கிடைத்ததை வைத்தே முதல் மாதிரியைச் செய்தார். அந்தக் காப்புரிமையை வாங்கியவர்தான் தோல் பொருள் வியாபாரியான வில்லியம் ஹூவர். பிரிட்டனில் ‘ஹூவர்’ என்பது இயந்திரத்துக்கே பெயராகிப்போகும் அளவுக்கு அவர் நிறுவனம் வளர்ந்தது.

பூத்தின் கவலை கம்பளம். ஸ்பாங்ளரின் கவலை மூச்சு. இன்று வாங்கும் ஒவ்வோர் இயந்திரத்திலும் இந்த இரண்டு வேலைகளும் கலந்திருக்கின்றன. கூடுதல் பணம் இவற்றில் எந்த வேலைக்குப் போகிறது என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சாகும் எண்ணிலிருந்து தொடங்கலாம். 1,200 வாட், 1,600 வாட், 2,000 வாட். இது இயந்திரம் தின்னும் மின்சாரத்தின் அளவு. செய்யும் வேலையின் அளவு அல்ல. இந்த உண்மையை ஒரு கண்டமே சட்டமாக்கிப் பார்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் 1,600 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டு வேக்குவம் கிளீனர்களின் விற்பனைக்குத் தடை போட்டது. 2017 செப்டம்பரில் அந்த வரம்பை 900 வாட்டாகக் குறைத்தது. பிரிட்டனில் பத்திரிகைகள் கொதித்தன. தடைக்கு முன்பே ‘சக்திவாய்ந்த’ பழைய இயந்திரங்களை வாங்கிவிட மக்கள் முந்தியடித்தார்கள். ஆனால் வரம்போடு இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தே வந்திருந்தது: சோதனைத் தூளில் கம்பளத்திலிருந்து குறைந்தது 75 விழுக்காட்டையும், இடுக்கு உள்ள கடினத் தரையிலிருந்து 98 விழுக்காட்டையும் இயந்திரம் எடுத்தாக வேண்டும். உற்பத்தியாளர்கள் தரையைத் தொடும் வாயையும் குழாயின் வளைவுகளையும் விசிறியின் இதழ்களையும் திருத்தி, 900 வாட்டுக்குள் அதைச் சாதித்தார்கள். அதற்கு முன்பு மின்சாரத்தின் பெரும்பங்கு சூடாகவும் இரைச்சலாகவும்தான் வீணாகிக்கொண்டிருந்தது.

நம் கடைகளில் மலிவு இயந்திரங்களின் தலையில் வாட் எண் இன்னும் மகுடம்போல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மலிவு மாடல்களில் 1,600 வாட்டை விட்டுவிட்டு 1,000 வாட்டை எடுப்பவர் ஏமாளி அல்லர். வாட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதே உண்மை.

அடுத்த எண் பாஸ்கல். 18,000 பாஸ்கல், 25,000 பாஸ்கல் என்று விளம்பரம் சொல்லும். இது குழாயின் வாயை முழுதாக அடைத்துவிட்டு அளக்கும் அழுத்தம். அடைத்த வாயில் காற்று ஓடாது. காற்று ஓடாவிட்டால் தூசி நகராது. வாயை முழுதாகத் திறந்துவிட்டால் காற்று நிறைய ஓடும், ஆனால் இழுக்கும் அழுத்தம் இருக்காது. தூசியைப் பெயர்க்க அழுத்தம் வேண்டும், பெயர்த்ததைத் தூக்கிச் செல்லக் காற்றோட்டம் வேண்டும். இரண்டையும் பெருக்கி வரும் அளவுக்கு ஏர்வாட் என்று பெயர். கம்பியில்லா இயந்திரங்களின் உயர்நிலை நிறுவனங்கள் இந்த எண்ணை வெளியிடுகின்றன. டைசன் தன் வி8 மாடலுக்கு 115 ஏர்வாட் என்றும், அதற்குப் பின் வந்த வி11 மாடலுக்கு 185 என்றும் சொல்கிறது. அவை அதிகபட்ச வேகத்தில் கிடைப்பவை என்பதை மறக்கக் கூடாது. வி8 சாதாரண வேகத்தில் 40 நிமிடம் ஓடும், அதிகபட்ச வேகத்தில் ஓடுவது 7 நிமிடம்தான். பெட்டியின் முகப்பில் இருப்பது 40.

இங்கே பலரும் எதிர்பார்க்காத ஓர் உண்மை இருக்கிறது. சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் 4,000 ரூபாய் இயந்திரம், வெறும் உறிஞ்சும் விசையில் 40,000 ரூபாய் கம்பியில்லா இயந்திரத்துக்கு எளிதில் ஈடுகொடுக்கும்; பல சமயம் மிஞ்சியும்விடும். பேட்டரி சில நிமிடங்களுக்குத் தரக்கூடியது நானூறு, ஐந்நூறு வாட். பிளக் பாயிண்ட் ஆயிரத்துக்கு மேல் நாள் முழுக்கத் தரும். கம்பியில்லா இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு, கம்பி இல்லாமலும் இழுக்கவைக்கும் மோட்டாருக்கும் பேட்டரிக்கும்தான். கார்பன் பிரஷ் வைத்த பழைய வகை மோட்டார் நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று போல ஓடும். டைசன் வி8இன் பிரஷ் இல்லா மோட்டார் 1,10,000 சுற்று ஓடுகிறது. அத்தனை வேகம் இருப்பதால்தான் உள்ளங்கையளவு மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. இது பாராட்டத்தக்க பொறியியல். ஆனால் அது வாங்கித் தருவது வசதி. கூடுதல் சுத்தம் என்று அதற்குப் பெயர் வைப்பது தவறு.

டைசனின் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது, ஏனென்றால் உயர்விலை என்ற கருத்தையே இத்துறையில் மாற்றியவர் அவர். தூசிப் பை நிறைய நிறைய இழுவை குறைவதைக் கண்டு எரிச்சலடைந்த ஜேம்ஸ் டைசன், மரத்தூளைக் காற்றிலிருந்து பிரிக்க ஆலைகளில் பயன்படும் சுழற்காற்றுக் கூம்பை வீட்டு இயந்திரத்துக்குள் கொண்டுவர முயன்றார். 1979 முதல் 1984 வரை 5,127 மாதிரிகள் செய்தார். பிரிட்டிஷ் நிறுவனங்கள் கைவிரித்தன. முதலில் ஜப்பானில்தான் 1986இல் ‘ஜி-ஃபோர்ஸ்’ என்ற பெயரில் அது மிக உயர்ந்த விலைக்கு விற்பனைக்கு வந்தது. சொந்தப் பெயரில் டிசி01 வந்தது 1993இல். ஹூவர் அதே உத்தியைக் கையாண்டபோது டைசன் வழக்குத் தொடுத்து, 2000இல் பிரிட்டன் உயர் நீதிமன்றத்தில் வென்றார்.

அவர் தொடுத்த இன்னொரு வழக்கு வாங்குபவர்களுக்கு இதைவிட முக்கியம். ஐரோப்பாவின் மின்சிக்கன லேபிளுக்கான சோதனை காலியான பையுடன் நடத்தப்பட்டது. பை நிறைந்த பிறகு ஓர் இயந்திரம் எப்படி உழைக்கிறது என்பதை அந்த லேபிள் சொல்லவே இல்லை. டைசன் இதை எதிர்த்து நீண்டகாலம் வாதாடினார். 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த லேபிள் விதியையே ரத்து செய்தது. அரசு முத்திரை பெற்ற எண்கூட வீட்டு நிலைமையைக் காட்டாமல் போகலாம் என்றால், கடைப் பெட்டியில் நிறுவனமே அச்சடித்த எண்ணை எவ்வளவு நம்புவது?

எண்களை விட்டுத் தரைக்கு வரலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த இயந்திரங்கள் வளர்ந்தது சுவரோடு சுவராக ஒட்டிய கம்பளத்தின் மேல். கம்பளத்தின் இழைகளுக்குள் புதைந்த மணலையும் முடியையும் காற்று மட்டும் எடுக்காது. மோட்டாரில் சுழலும் உருளை பிரஷ் இழைகளை அடித்து உதற வேண்டும். உயர்விலை இயந்திரங்களின் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த உருளையில்தான் செலவாகியிருக்கிறது: முடி சிக்காத பற்கள், தரைக்கேற்ப மாறும் வேகம், இழுவைக்கேற்ப உயரும் விசை.

தமிழ்நாட்டு வீட்டில் என்ன இருக்கிறது? டைல்ஸ், மொசைக், கிரானைட், பழைய வீடுகளில் சிவப்புக் காவித் தரை, செட்டிநாட்டில் ஆத்தங்குடிக் கல். வழவழப்பான இந்தத் தரைகளில் தூசி மேலேயே கிடக்கிறது. அடியில் மென்மையான மயிர் பிரஷ் வைத்த சாதாரண வாயும் ஓரளவு காற்றோட்டமும் இருந்தால் போதும். கம்பளத்துக்கான அந்த உருளைக்கு இங்கே வேலை குறைவு. சொல்லப்போனால் கடினமான பற்களுள்ள உருளை, அரிசியையும் மணலையும் எடுப்பதற்குப் பதில் முன்னும் பின்னும் சிதறடிக்கும். சோபா, மெத்தை, திரைச்சீலை, ஜன்னல் கம்பி வலை, மின்விசிறி இறக்கை, அலமாரி இடுக்கு, கார் இருக்கை என்று இங்கே இயந்திரத்துக்கு உண்மையான வேலை தரைக்கு மேலேதான் அதிகம். அந்த வேலைகளுக்கு வேண்டியது நீளமான ஹோஸ், இடுக்கு வாய், சின்ன பிரஷ். 4,000 ரூபாய் இயந்திரத்தோடும் இவை மூன்றும் வருகின்றன.

ஆகவே, தரைச் சுத்தம் மட்டுமே நோக்கம் என்றால் தமிழ்நாட்டு வீட்டில் மலிவு இயந்திரத்தின் பக்கம் நியாயம் பலமாக இருக்கிறது. ஆனால் ஸ்பாங்ளரின் கவலையான மூச்சுக்கு வந்ததும் தராசு மறுபக்கம் சாய்கிறது.

இழுத்த காற்று எங்கே போகிறது? இயந்திரத்தின் பின்பக்கமாக அதே அறைக்குத் திரும்புகிறது. கண்ணுக்குத் தெரிகிற குப்பை உள்ளே தங்கிவிடும். மூச்சுக்குழலுக்குள் இறங்கக்கூடிய நுண்தூசி மெல்லிய வடிகட்டியைத் தாண்டி வெளியேறி, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். பெருக்கும்போது தரையில் கிடந்ததை, இயந்திரம் மூக்கு உயரத்துக்கு ஏற்றிவிட்ட கதையாகும். இதைத் தடுக்கத்தான் ஹெப்பா வடிகட்டி. ஐரோப்பியத் தரத்தில் எச்13 வகை என்றால், பிடிபட மிகக் கடினமான அளவுள்ள துகள்களில் 99.95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். மலிவு இயந்திரங்களின் பெட்டியிலும் ‘ஹெப்பா’ என்ற சொல் இருக்கும், பக்கத்தில் ‘டைப்’ என்றோ ‘லைக்’ என்றோ சிறிய எழுத்தில் ஒரு வால் இருக்கும். அந்த வால் இருந்தால் எந்தத் தரத்துக்கும் அது கட்டுப்பட்டதல்ல.

வடிகட்டி அசலாக இருந்தாலும் போதாது. மூடி பொருந்தும் இடம், குழாய் செருகும் இடம், தூசிக் கிண்ணத்தின் ஓரம் ஆகிய எல்லா இடத்திலும் ரப்பர் வளையம் இறுக்கமாக இல்லாவிட்டால் காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், ஆறு மாதம் முதல் 22 ஆண்டு வரை வயதுள்ள 21 வேக்குவம் கிளீனர்களைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. புதியவையும் விலை கூடியவையும் பொதுவாகக் குறைவான தூசியையும் நுண்ணுயிரிகளையும் வெளியிட்டன. ஆனால் ஹெப்பா வடிகட்டி இருந்தவை, இல்லாதவற்றைவிடச் சற்றுத்தான் மேலாக இருந்தன. வடிகட்டியின் பெயரைப் பார்த்து மட்டும் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். முழு இயந்திரமும் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. அந்த அடைப்பில்தான் நல்ல நிறுவனத்தின் பணம் நேர்மையாகச் செலவாகியிருக்கிறது என்று சொல்லலாம்: துல்லியமான அச்சு வார்ப்பு, தடித்த பிளாஸ்டிக், நல்ல ரப்பர். கடையில் இவை கண்ணில் படுவதில்லை. ஓடும் இயந்திரத்தின் மூடி விளிம்பில் கையை வைத்துப் பார்த்தால் காற்று கசிவது தெரியும்.

ஆஸ்துமா, தும்மல், தோல் ஒவ்வாமை உள்ளவர் இருக்கும் வீட்டில் இந்த ஒன்றுக்காகவே கூடுதல் பணம் தரலாம். தூசியைக் கொட்டும் முறையையும் அவர்கள் பார்க்க வேண்டும். பை இல்லாத கிண்ணத்தைக் குப்பைத் தொட்டிக்கு மேல் திறந்தால் பிடித்த தூசியில் ஒரு பங்கு முகத்தில் வந்து அறையும். காகிதப் பையோ நார்ப் பையோ வைத்த இயந்திரத்தில் பையின் வாயை மூடி அப்படியே எறிந்துவிடலாம். பையே முதல் வடிகட்டியாகவும் வேலை செய்கிறது. பை வாங்கும் செலவு தொடரும் என்பது உண்மைதான். மெத்தையைப் பொறுத்தவரை ஒரு வரம்பும் உண்டு. தூசிப் பூச்சிகள் நெசவைக் கவ்விக்கொண்டிருக்கும். எந்த இயந்திரமும் அவற்றை முழுதாக இழுத்துவிடாது. படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை 55, 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதற்கு இது மாற்றாகாது.

மெத்தை என்றதும் இந்திய நடுத்தர வர்க்கத்துக்கு நினைவுக்கு வருவது வீடு வீடாக வந்த விற்பனைப் பிரதிநிதிகள். 1982இல் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸோடு கூட்டு முயற்சியாகத் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ், யூரோகிளீன் இயந்திரத்தை அப்படித்தான் இந்நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. மெத்தையில் குழாயை வைத்து இழுத்து, சேர்ந்த சாம்பல் நிறத் தூளைக் காட்டும் செயல்விளக்கம் பலரது கண்ணைத் திறந்தது. வேக்குவம் கிளீனர் என்ற பொருளுக்கு இந்தியாவில் சந்தை உருவானதில் அந்தச் செயல்விளக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதே சோதனையை இன்று எந்த மலிவு இயந்திரத்தை வைத்துச் செய்தாலும் தூள் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெத்தையில் தூசி இருக்கிறது என்பதைத்தான் அது நிரூபிக்கிறது, இயந்திரத்தின் தரத்தை அல்ல.

நம் தூசிக்கென்று ஒரு குணம் உண்டு. கட்டட வேலை நடக்கும் தெருவின் சிமெண்ட் துகள், நெடுஞ்சாலையோரப் புகைக்கரி, பூஜை அறையின் திருநீறும் குங்குமமும், வாசலில் சிந்திய கோலமாவு எல்லாமே மிக நுண்ணியவை. மலிவான ‘சைக்ளோன்’ இயந்திரங்களில் கூம்பு பெயருக்குத்தான் இருக்கும். பாரம் முழுவதும் பின்னால் உள்ள வடிகட்டியின் மேல் விழும். சில அறைகள் முடிவதற்குள் அது அடைத்துக்கொண்டு இழுவை குறைந்துவிடும். கழுவலாம் என்று கையேடு சொல்லும், ஆனால் கழுவிய வடிகட்டி 24 மணி நேரமாவது நிழலில் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது இரண்டு நாளானாலும் காயாது. ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் வரும், மோட்டாருக்குள் ஈரம் போகும். கூடுதலாக ஒரு வடிகட்டியைச் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்வது இதற்கு எளிய வழி. வாங்கும் நாளிலேயே அது கிடைக்குமா என்று கேட்க வேண்டும்.

மோட்டார் குளிரும் முறையையும் பெட்டி சொல்வதில்லை. உலர்ந்த தூசிக்கு மட்டுமான இயந்திரங்களில், உறிஞ்சிய காற்றே மோட்டார் வழியாகப் போய் அதைக் குளிர்விக்கிறது. வடிகட்டி அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் மோட்டார் சூடேறும். சூடு கூடும்போது தானாக நிறுத்தும் பாதுகாப்பு சில மலிவு மாடல்களில் இருப்பதே இல்லை. ஈரமும் உலர்வும் இழுக்கும் டிரம் வகை இயந்திரங்களில் பைபாஸ் மோட்டார் இருக்கும். அதற்குத் தனி விசிறி, தனிக் காற்றுவழி. தண்ணீரை இழுத்தாலும் வடிகட்டி அடைத்தாலும் குளிர்ச்சி நிற்காது. தொட்டி நிறைந்ததும் மிதவை ஒன்று மேலேறி வாயை மூடிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கமும், மாடியில் மழைநீர் புகும் தொல்லையும் உள்ள நம் வீடுகளுக்கு இந்த டிரம் வகை பொருத்தமானது. பார்வைக்கு மெக்கானிக் கடைச் சாமான் போலிருக்கும் என்பதால் வரவேற்பறைக்காரர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். இழப்பு அவர்களுக்குத்தான்.

இனி ஆயுள். ‘மலிவாக வாங்கினால் இரண்டு முறை வாங்க வேண்டிவரும்’ என்று பெரியவர்கள் சொல்வதை இந்தப் பொருளில் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஐரோப்பிய விதி 2017 முதல் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றும், ஹோஸ் 40,000 முறை வளைந்தாலும் பயன்படும் நிலையில் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. வாரம் ஒரு மணி நேரம் ஓட்டும் வீட்டுக்கு 500 மணி என்பது ஏறக்குறைய பத்து ஆண்டு. ஜெர்மனியின் மீலே நிறுவனம் 20 ஆண்டுப் பயன்பாட்டுக்கு ஈடாகத் தன் இயந்திரங்களைச் சோதிப்பதாகச் சொல்கிறது. கடையில் கிடைக்கும் மலிவு மாடலுக்கு அப்படி எந்த உறுதியும் இருக்காது.

4,500 ரூபாய் இயந்திரம் நான்கு ஆண்டு உழைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,125 ரூபாய் ஆகிறது. 45,000 ரூபாய் கம்பியில்லா இயந்திரம் பத்து ஆண்டு உழைத்தாலும் ஆண்டுக்கு 4,500 ரூபாய். முந்தையதோடு சமமாக அது நாற்பது ஆண்டு உழைக்க வேண்டும். நடுவில் பேட்டரியும் மாற்ற வேண்டிவரும். லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஆனதும் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும், வெப்பம் அதை இன்னும் விரைவாக்கும். சென்னை மே மாதத்தில் மூடிய அறைச் சுவரில் தொங்கும் பேட்டரிக்கு அது நல்ல காலமல்ல. ஆகவே ‘நாள்பட்ட கணக்கில் லாபம்’ என்ற வாதம் உச்ச விலைக்குப் பொருந்தாது. ஆனால் 9,000 ரூபாய்க்கு வாங்கிய உறுதியான, கம்பியுள்ள டிரம் இயந்திரம் பத்து ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 900 ரூபாய்தான். பெரியவர்களின் பேச்சு பலிப்பது இந்த நடுத்தட்டில்.

அந்த நடுத்தட்டுக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு பிரிட்டனின் ‘ஹென்றி’. சாமர்செட் மாவட்டத்தின் சார்ட் ஊரில் நியூமேட்டிக் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் சிவப்பு டிரம் அது. முகம் வரைந்திருக்கும், ஹோஸ்தான் மூக்கு. மோட்டார் வெறும் 620 வாட். தொடுதிரை கிடையாது, லேசர் விளக்கு கிடையாது. ஆனால் பிரிட்டனின் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் துப்புரவுத் தொழிலாளர்கள் நாள்தோறும் இழுத்துப் போவது இதைத்தான். பாகங்களைத் திருப்புளியால் கழற்றலாம். ஒவ்வொன்றும் தனியே விலைக்குக் கிடைக்கும். தினமும் இதே வேலை செய்து பிழைப்பவர்கள் எதை நம்புகிறார்கள் என்பது, எந்த விளம்பரத்தையும்விட நல்ல சான்று. நம்மூரிலும் ஓட்டல்களிலும் மருத்துவமனைகளிலும் கார் வாட்டர் சர்வீஸ் நிலையங்களிலும் என்ன ஓடுகிறது என்று பார்த்தால், இதே டிரம் குடும்பத்து இயந்திரங்கள்தான் கண்ணில் படும்.

பிராண்டுப் பெயரை மட்டும் நம்பி வாங்குபவருக்கு ஓர் எச்சரிக்கை. ஹூவர் என்ற பெயர் இன்று ஒரே நிறுவனத்துடையது அல்ல. ஐரோப்பாவில் அது 1995இல் இத்தாலியின் கேண்டி கைக்குப் போய், 2019இல் கேண்டியோடு சேர்ந்து சீனாவின் ஹையர் வசமானது. வட அமெரிக்காவில் அதே பெயர் 2007 முதல் ஹாங்காங்கைச் சேர்ந்த டிடிஐ குழுமத்துடையது. அமெரிக்காவின் பழம்பெரும் யுரேகா 2016இல் சீனாவின் மைடியாவுக்கு விற்கப்பட்டது. சீனாவின் சூசோ நகரம் நீண்ட காலமாக உலக நிறுவனங்களுக்கு வேக்குவம் கிளீனர் செய்து கொடுக்கும் பட்டறை. இன்று சொந்தப் பெயரில் ரோபோ விற்கும் எக்கோவாக்ஸும் அங்கே அப்படித்தான் தொடங்கியது. பெயரில் நூறாண்டுப் பெருமை இருக்கலாம். உள்ளே இருப்பதற்கும் அந்தப் பெருமைக்கும் உறவு இருக்க வேண்டுமென்பதில்லை.

ரோபோக்களைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். டைல்ஸ் தரைக்கு அவை பொருத்தமானவை. தினமும் ஓடினால் தூசி படியவே விடாது. ஆனால் செயலியையும் இணையச் சேவையையும் நம்பி ஓடும் இயந்திரத்தின் ஆயுள், அதைச் செய்த நிறுவனத்தின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது. நியேட்டோ நிறுவனத்தை அதன் உரிமையாளரான ஜெர்மனியின் ஃபோர்வெர்க் 2023இல் மூடிவிட்டது. 2002இல் ரூம்பாவை அறிமுகப்படுத்தி இந்தச் சந்தையையே உருவாக்கிய ஐரோபோவை அமேசான் வாங்குவதாக இருந்து, 2024 ஜனவரியில் அதுவும் கைவிடப்பட்டது.

வீட்டில் இதை ஓட்டப்போவது யார் என்பதை எந்த ஒப்பீட்டு அட்டவணையும் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும். குனிந்து பெருக்கிப் பெருக்கி முதுகு தேய்ந்த ஐம்பது வயதுப் பெண்ணுக்கு, இரண்டரை கிலோ எடையுள்ள கம்பியில்லா இயந்திரத்தின் விலை வேறு கணக்கில் நியாயமாகலாம். கம்பியை இழுத்து, ஹோஸைப் பொருத்தி, ஏழெட்டுக் கிலோ டிரம்மை மாடிப்படியில் தூக்கிப் போக முடியாதவர்கள் அதை ஒரு மாதத்தில் பரண் மேல் ஏற்றிவிடுவார்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் கையில் கொடுக்கப்போகிறோம் என்றால் அவரையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். காதைத் துளைக்கும் இரைச்சலை நாள்தோறும் தாங்கப்போவது அவர்தான். பத்து டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். ஐரோப்பாவில் இதற்கு 80 டெசிபல் என்று உச்சவரம்பு இருக்கிறது. நம் கடைகளில் மலிவு மாடல்களின் பெட்டியில் டெசிபல் எண்ணே பல சமயம் இருப்பதில்லை. கடையில் ஓட்டிக் காட்டச் சொல்வது ஒன்றுதான் வழி.

இப்படிப் பார்த்தால் வாங்கும் முடிவு வீட்டுக்கு வீடு மாறுகிறது. டைல்ஸ் தரையும் சோபாவும் காரும் மட்டும் என்றால் கம்பியுள்ள மலிவு இயந்திரமே போதும், உபரி வடிகட்டியோடு. தண்ணீரும் கட்டட வேலைத் தூசியும் சேர்ந்தால் பைபாஸ் மோட்டார் கொண்ட டிரம். மூச்சுப் பிரச்சினை உள்ளவர் வீட்டில் காற்றுக் கசியாத, பை வைத்த, எச்13 வடிகட்டி உள்ள இயந்திரம். இங்கே கஞ்சத்தனம் கூடாது. மூட்டுவலியும் மாடிப்படியும் தடையாக இருந்தால் மட்டும் உயர்விலைக் கம்பியில்லா இயந்திரம்.

எதை எடுத்தாலும் பில் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. வடிகட்டி என்ன விலை, ஹோஸ் என்ன விலை, பேட்டரி தனியே கிடைக்குமா, கார்பன் பிரஷ் மாற்றித் தர ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் வேக்குவம் கிளீனரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உத்தரவாதக் காலம் முடிந்த பின்னும் நியாயமான விலையில் பழுதுபார்த்துத் தர வேண்டிய பொறுப்பை உற்பத்தியாளர் மேல் அது வைக்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கி, வீட்டுச் சாதனங்களையும் அதில் சேர்த்தது. உதிரிபாகம் தர வேண்டிய கட்டாயம் இங்கும் சட்டமானால், 4,000 ரூபாய் இயந்திரத்துக்கும் பத்து ஆண்டு ஆயுள் கிடைக்க வழி பிறக்கும். அதுவரை உதிரிபாகத்தின் விலையையும் கிடைக்கும் இடத்தையும் எழுத்தில் சொல்லத் தயங்கும் கடையில், எந்த விலை இயந்திரத்தையும் வாங்காமல் திரும்புவது நல்லது.